வண்டி நிற்கிற இடம்

1998 கோடை விடுமுறை முழுக்க பெரம்பூரில் அத்தை வீட்டில்தான் இருந்தேன். பதிமூன்று வயது. அத்தான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார், அவர் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரை ஹால் மூலையில் அத்தையின் பழைய புடவைத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு அத்தான் அந்தத் துணியை எடுத்துவிட்டு, நண்பரிடம் இரவல் வாங்கிய ஒரு விளையாட்டு சிடியைப் போடுவார். மேலிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரி பச்சையாக ஒரு நிலம் விரியும். அதில் குட்டிக் குட்டி ஊர்கள், நிலக்கரிச் சுரங்கம், புகை விடும் மின் நிலையம், நடுவே ஒரு மலை. கடன் பணத்தை வைத்துக்கொண்டு தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, எஞ்சின் வாங்கி, சரக்கை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் காசு. முதல் வண்டி ஸ்டேஷனுக்குள் வரும்போது திரையில் ஒரு செய்தித்தாள் எழும்பி வந்து ஊர் மக்கள் கொண்டாடுகிறார்கள் என்று சொல்லும். அந்தச் செய்தித்தாளுக்காகவே நான் புதுப்புது ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதுதான் ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ். ஸ்காட்லாந்துக்காரர் கிறிஸ் சாயர் எழுதியது, மைக்ரோப்ரோஸ் வெளியிட்டது. முதல் ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன் 1994, டீலக்ஸ் அதற்கு அடுத்த ஆண்டு. கிட்டத்தட்ட முழுவதையும் அவர் அசெம்ப்ளி என்ற கணினியின் அடிமட்ட மொழியில் எழுதினார், படங்களை வரைந்தவர் சைமன் ஃபாஸ்டர், அந்த ஜாஸ் இசை ஜான் ப்ரூம்ஹால். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இரண்டு வண்டி வரைக்கும் எல்லாம் அழகாக ஓடும், மூன்றாவது வண்டியை விட்டால் எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கும். சிக்னல் என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினால் விளக்குக் கம்பம் வரும், அதை எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. அழகாக இருக்கிற இடத்திலெல்லாம் வைத்தோம். விடுமுறை முடிந்து ஊருக்குக் கிளம்பினேன், அடுத்த வருஷம் போனபோது அந்தக் கம்ப்யூட்டரும் இல்லை, சிடியும் இல்லை.

இருபத்தாறு வருஷம் கழித்து 2024 மே மாதம், கோயம்புத்தூரில், அலுவலக வேலை முடிந்த ஓர் இரவில் ஓப்பன் டிடிடியை இறக்கிப் போட்டேன். டிடிடி என்பது ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸின் சுருக்கம். இது பழைய விளையாட்டுக்கு மேல்பூச்சுப் பூசிய சமாச்சாரம் இல்லை. லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற ஸ்வீடன்காரர் டீலக்ஸின் நிரலைப் பிரித்து மேய்ந்து, அது எப்படி வேலை செய்கிறதோ அப்படியே சி மொழியில் மறுபடி எழுதி 2004 மார்ச்சில் வெளியிட்டார். அப்போதிலிருந்து தன்னார்வலர்கள் அதை வளர்த்துக்கொண்டே வருகிறார்கள், நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, காசும் கிடையாது. ஆரம்பத்தில் படங்களுக்கும் ஒலிக்கும் பழைய சிடி வேண்டியிருந்தது, 2010-இல் 1.0 வந்தபோது அந்தத் தேவையும் போய்விட்டது. முதல் முறை திறக்கும்போது இலவசப் படத்தொகுப்பை இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கும், சரி என்று சொன்னால் போதும். அதிகாரபூர்வத் தளத்தில் கிடைக்கும், 2021 ஏப்ரலில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கும் வந்தது. பழைய விளையாட்டில் நிலப்பரப்பு 256-க்கு 256 கட்டம்தான். இதில் 4096-க்கு 4096 வரை போகலாம்.

போகலாம் என்பதற்காகப் போகாதீர்கள். நான் முதல் நாள் செய்த தப்பு அதுதான், 2048 கட்டம் வைத்து ஆரம்பித்து எந்தச் சுரங்கம் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே இரவு போய்விட்டது. மறுநாள் பழையபடி 256 வைத்தேன். தொடக்க ஆண்டு 1930. டீலக்ஸ் 1950-இல் தொடங்கும், ஆனால் முதல் ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன் 1930-இல்தான் தொடங்கியது, எனக்கு அந்த நீராவிக் காலம் வேண்டியிருந்தது. கிர்பி பால் டேங்க் என்ற சின்ன எஞ்சின், 300 குதிரைத்திறன், மணிக்கு 64 கிலோமீட்டர். அது ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது எழும் அந்தக் கூவல் காதில் விழுந்ததும் அத்தை வீட்டு ஹாலின் மொசைக் தரை காலில் பட்ட மாதிரி இருந்தது.

முதல் பாதையை எங்கே போடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களில் பலர் இங்கேயே பணத்தை இழந்து விட்டுவிடுகிறார்கள். கூலி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது சரக்கின் அளவு, தூரம், போய்ச் சேர எடுத்த நாள். தூரம் என்றால் நீங்கள் போட்ட தண்டவாளத்தின் நீளம் இல்லை. ஏற்றிய ஸ்டேஷனுக்கும் இறக்கிய ஸ்டேஷனுக்கும் நடுவே குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம், இரண்டையும் கூட்டினால் வருவது. சுற்றிச் சுற்றிப் பாதை போட்டால் கூடுதல் கூலி வராது, நாள்தான் அதிகமாகும். பக்கத்திலேயே மின் நிலையம் இருக்கிற சுரங்கத்தைப் பிடிப்பதும் வீண், தூரம் இல்லாமல் கூலி இல்லை. அறுபது கட்டத்துக்கு மேல் இடைவெளி உள்ள ஒரு சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் பிடியுங்கள். நிலக்கரி பொறுமையான சரக்கு, நாள் கொஞ்சம் கூடினாலும் கூலி மெதுவாகத்தான் குறையும். பயணிகள் அப்படி இல்லை, ஏறி உட்கார்ந்ததுமே கூலி இறங்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் எல்லோரும் நிலக்கரியில் தொடங்குகிறார்கள்.

இன்னொன்று, ஸ்டேஷனுக்கு ஒரு மதிப்பெண் உண்டு, சதவீதமாகக் காட்டும். சுரங்கம் வெட்டி எடுப்பதில் எவ்வளவு உங்கள் ஸ்டேஷனுக்கு வரும் என்பது அந்தச் சதவீதம்தான். கடைசியாக வண்டி வந்து ஏற்றி எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு சரக்கு குவிந்து கிடக்கிறது, வண்டி எவ்வளவு வேகமானது, எவ்வளவு புதுசு, இதையெல்லாம் அது பார்க்கும். ஆகவே முழுச் சுமை ஏறும் வரை நில் என்று கட்டளை கொடுத்து, எப்போதும் ஒரு வண்டி ஏற்றிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி போதாது என்பது இதனால்தான். ஒரு வண்டி போதாது என்ற இடத்தில்தான் என் பழைய பிரச்சினை மறுபடி வந்தது.

என் பாதை அறுபது கட்டம், ஒற்றைத் தண்டவாளம். இரட்டைப் பாதை போடப் பணம் இல்லை, நடுவே மலை வேறு, நிலத்தைச் சமப்படுத்துவது இந்த விளையாட்டில் பயங்கரச் செலவு. இரண்டு இடத்தில் வண்டிகள் ஒன்றையொன்று கடந்துபோக லூப் போட்டிருந்தேன், இருபதாவது கட்டத்தில் ஒன்று, நாற்பதாவது கட்டத்தில் ஒன்று. மூன்று துண்டும் சரிசமம். சிக்னலும் இந்த முறை படித்துத்தான் வைத்தேன். பழைய விளையாட்டில் இருந்தது பிளாக் சிக்னல் மட்டும்: இரண்டு சிக்னலுக்கு நடுவே உள்ள பகுதியில் ஒரு வண்டி இருந்தால் இன்னொன்று நுழையாது. ஓப்பன் டிடிடியில் பாத் சிக்னல் என்று ஒன்று இருக்கிறது. அதில் வண்டி தான் போகப்போகிற தடத்தை மட்டும், அடுத்து நிற்கக்கூடிய இடம் வரை, முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரே சந்திப்பில் இரண்டு வண்டிகளின் தடம் வெட்டிக்கொள்ளாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் போகலாம். லூப்பின் ஒவ்வொரு தண்டவாளத்திலும், வண்டி வெளியே போகிற முனையில், ஒருவழிப் பாத் சிக்னல் ஒன்று. உள்ளே நுழைகிற முனையில் எதுவும் வேண்டாம். இவ்வளவுதான். நான்கு வண்டி விட்டேன், அருமையாக ஓடியது.

பணம் சேர்ந்தது. இன்னும் இரண்டு வண்டி வாங்கினேன், எல்லா வண்டியிலும் மேற்கொண்டு இரண்டு பெட்டி சேர்த்தேன். மறுநாள் காலை அப்படியே ஓடவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் ஆறு வண்டியும் அசையாமல் நிற்கின்றன, பேலன்ஸ் சிவப்பில் இருக்கிறது, சுரங்க ஸ்டேஷனில் நிலக்கரி மலையாகக் குவிந்து மதிப்பெண் தரைதட்டிப் போயிருக்கிறது. சிக்னலில் காத்து நிற்கிற வண்டிக்கும் பராமரிப்புச் செலவு போய்க்கொண்டே இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், சிக்னல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயம் பெரம்பூர் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். அத்தையின் கணவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாசம் ஓய்வுக்கு வந்திருந்தார். ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்து, பிறகு செக்‌ஷன் கண்ட்ரோலராக, அதாவது ஒரு பகுதி முழுக்க எந்த வண்டி நிற்க, எது போக என்று தீர்மானிப்பவராக, பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். 1998-இல் நாங்கள் விளையாடும்போது அவர் பெரும்பாலும் டூட்டியில் இருப்பார், இல்லையென்றால் நைட் டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார், அந்தத் திரையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது வாக்கரை ஊன்றிக்கொண்டு காப்பிக்காக ஹாலுக்கு வந்தவர் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏம்மா, அந்த ரெண்டாவது லூப்ல நிக்கிற வண்டிக்கு வால் வெளியில இருக்கே?”

கிட்டே போய்ப் பார்த்தேன். இருந்தது. கடைசிப் பெட்டி லூப்புக்குள் வராமல், இரண்டு தண்டவாளமும் சேர்கிற அந்த வளைவின் மேல் நின்றிருந்தது. என் லூப் நான்கு கட்ட நீளம். ஒரு கட்டத்துக்கு இரண்டு பெட்டி என்று கணக்கு, எஞ்சினும் ஒரு பெட்டிதான். முதலில் எஞ்சினோடு சேர்த்து எட்டு இருந்தபோது சரியாக அடங்கியது. பத்து ஆனதும் ஐந்து கட்டம் வேண்டும். வெளியே நீட்டிய அந்த வால், எதிரே வந்து லூப்பின் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற வண்டியின் வழியை அடைத்துவிட்டது. அது நகராததால் அந்த இடத்துக்கு வர வேண்டிய வண்டிகள் அடுத்த ஸ்டேஷனிலேயே நிற்கின்றன, அவை காலி செய்யாததால் வால் நீட்டிய வண்டிக்கும் முன்னால் போக இடம் இல்லை, அதற்குப் பின்னால் இன்னொன்று, அப்படியே மறுமுனை ஸ்டேஷன் வரை.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த லூப்பையும் மற்றதையும் ஐந்து கட்டமாக நீட்டச் சொன்னார். வால் நீட்டிய வண்டியை ரிவர்ஸ் அடித்துப் பின்னால் விட்டு, ஒவ்வொன்றாக முடிச்சை அவிழ்த்தோம். அப்புறம் இன்னொன்று கேட்டார், எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி: “மொத்தம் எத்தனை வண்டி? நிக்க எத்தனை எடம்?” மேல் ஸ்டேஷனில் இரண்டு பிளாட்பாரம், கீழே இரண்டு, லூப்பில் ஒவ்வொரு திசைக்கும் ஒன்று. எல்லா இடத்திலும் வண்டி நின்றுவிட்டால் யாரும் யாருக்கும் வழிவிட முடியாது. எப்போதும் ஒரு இடமாவது காலியாக இருக்கிற மாதிரித்தான் வண்டி வாங்க வேண்டும். இந்த விளையாட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டதிலேயே பயனுள்ளது இது, ஒற்றைப் பாதையில் புதிதாக வண்டி வாங்கும் முன் நிற்க இடத்தை எண்ணிப் பார்ப்பது. சிக்னலுக்கும் அதே கணக்கு: ஒரு சிக்னலை வைக்கும் முன் அடுத்த சிக்னல் வரை முழு வண்டியும் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அங்கே சிக்னல் வைக்காதீர்கள், குறிப்பாகச் சந்திப்பைத் தாண்டிய உடனே வைக்கவே வைக்காதீர்கள். சந்திப்புக்கு முன்னால் நிற்கட்டும், தாண்டினால் முழுசாகத் தாண்டட்டும்.

அமைப்புகளில் தண்டவாளம் பிடித்துவைக்கப்பட்டிருப்பதைக் காட்டு என்று ஒரு வசதி இருக்கிறது, அதை இயக்கினால் வண்டி தனக்காகப் பிடித்திருக்கும் தடம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். அதைக் காட்டியதும் மாமா முகம் மாறிவிட்டது. அவர் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ஸ்டேஷனில் சிக்னல்களை இயக்கும் பேனல் இருந்ததாம், ரூட் செட் செய்தால் அந்தத் தடம் முழுக்க வரிசையாக வெள்ளை விளக்கு எரியும், வண்டி ஏறினால் சிவப்பாகும். “இதேதாம்மா” என்று விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். லூப்பிலிருந்து கிளம்பும் வண்டி எதிர் லூப் வரை மொத்த ஒற்றைப் பாதையையும் பிடித்துக்கொள்வதைப் பார்த்து, “லைன் கிளியர் வாங்கிட்டான்” என்றார், அடுத்த ஸ்டேஷன் வரை போக வண்டிக்குக் கிடைக்கும் அனுமதிக்கு ரயில்வேயில் அந்தப் பேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் அதையே சொன்னார்.

சரி, அடைப்பு போய்விட்டது. ஆனாலும் வண்டிகள் லூப்பில் அநியாயத்துக்குக் காத்துக் கிடந்தன. லூப்கள் சரிசமமான தூரத்தில்தானே இருக்கின்றன என்றேன். மாமா என் பையனின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு கிராஃப் தாள் கேட்டார், பென்சில், ஸ்கேல். அவர் வேலை பார்த்த காலத்தில் கண்ட்ரோலர் மேஜையில் பெரிய சார்ட் விரித்திருக்கும். குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போனில் கேட்டு, வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே வருவார்கள், ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஒரு நிறம். கோடு சரிந்து படுத்திருந்தால் வண்டி மெதுவாகப் போகிறது, செங்குத்தாக இருந்தால் வேகம், படுக்கையாக நேர்கோடு போட்டால் நிற்கிறது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் கிராஸிங். அந்த வெட்டு ஒரு ஸ்டேஷன் கோட்டின் மேல் விழ வேண்டும், நடுவே விழுந்தால் ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, ஆனால் மாமாவின் கை மறக்கவில்லை.

நான் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து விநாடி சொன்னேன், அவர் புள்ளி வைத்தார். இந்த விளையாட்டில் ஒரு நாள் என்பது நமக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி. முதல் துண்டு 18 விநாடி. கடைசித் துண்டு 19. நடுத் துண்டு, மலை ஏறுகிற துண்டு, சுமை வண்டிக்கு 41 விநாடி. ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும் நிமிர்ந்து நிற்க, நடுக்கோடு மட்டும் சாய்ந்து கிடந்தது, அதன் இரண்டு பக்கமும் படுக்கைக் கோடுகளாகக் காத்திருக்கும் வண்டிகள். “தூரத்தைப் பார்த்து லூப் போட்டிருக்கே. நேரத்தைப் பார்த்துல்ல போடணும்” என்றார். சொல்லிவிட்டு, “வண்டி ஓடுறதை யாரு வேணும்னாலும் பார்த்துப்பாங்க. எங்க நிறுத்துறதுங்கறதுதான் கண்ட்ரோலர் வேலை” என்று சேர்த்துக்கொண்டார்.

மலையில் பாதி ஏறிய பிறகு ஏழெட்டுக் கட்டம் சமதரையாக ஒரு திட்டு இருந்தது. அங்கே மூன்றாவது லூப் போட்டோம். சரிவிலேயே போட்டிருந்தால் நின்ற வண்டி மறுபடி வேகம் பிடிக்கத் திணறும், 300 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சரிவில் கிளம்புவது பெரும்பாடு, அதனால் லூப் போடுகிற இடம் சமதரையாக இருப்பது முக்கியம். மறுபடி நேரம் எடுத்தோம்: 18, 21, 20, 19. மாமா கோடுகளை இழுத்து, வெட்டுகிற இடமெல்லாம் லூப் மேல் விழுவதைப் பார்த்து, பென்சிலைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் எட்டு வண்டி ஓடியது, எதுவும் பெரிதாக நிற்கவில்லை. நான் கடனைக் கட்டி முடித்தேன்.

மாமா இருந்த மீதி நாட்களில் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். அவருக்காக மொழியைத் தமிழுக்கு மாற்றினேன், மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, யாரோ தன்னார்வலர்கள் செய்தது. மொழிபெயர்க்காத வரிகள் ஆங்கிலத்தில் வரும், அது பரவாயில்லை, திரையில் தமிழில் படித்ததே அவருக்குப் பெரிய சந்தோஷம். அவருக்குப் பிடிக்காத ஒன்று லெவல் கிராஸிங். ரயில் பாதையும் சாலையும் சந்திக்கிற இடத்தில் பஸ் மேல் ரயில் ஏறினால் பஸ் வெடித்துச் சிதறும், செய்தித்தாளில் பயணிகள் இறந்த கணக்கு வரும். அதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். மறுநாள் நான் எல்லாச் சாலைகளையும் பாலத்தின் மேல் ஏற்றி வைத்த பிறகுதான் வந்து உட்கார்ந்தார். செலவு கொஞ்சம் ஆகும்தான், ஆனால் பஸ்கள் அதிகமாகும்போது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை அது.

பஸ் என்றதும் இன்னொன்று. ஊருக்குள் ஆறு பஸ் விட்டால் கொஞ்ச நாளில் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும், நம் டவுன் பஸ் மாதிரியே, அரை மணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு மொத்தமாக வந்து நிற்கும். 2024 ஏப்ரலில் வந்த 14.0 பதிப்பில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. எல்லா பஸ்ஸுக்கும் ஒரே கட்டளைப் பட்டியலைப் பகிர்ந்து கொடுத்து, அதில் டிப்போவுக்குப் போகும் கட்டளை ஒன்றைச் சேர்த்து, இடைவெளி விட்டுக் கிளம்பு என்று அமைத்தால் டிப்போவே அவற்றைப் பிரித்து அனுப்பும். அந்தப் பட்டியலில் முழுச் சுமைக் கட்டளை இருக்கக் கூடாது, இரண்டும் சேராது. கட்டளைப் பகிர்வைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள், நாற்பது வண்டி இருக்கும்போது ஒரு ஸ்டேஷன் மாற ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

மற்றவை சுருக்கமாக. ஊராட்சி உங்கள் மேல் கோபமாக இருந்தால் ஸ்டேஷன் கட்ட விடாது. பெரும்பாலும் மரத்தை வெட்டித் தள்ளிப் பாதை போட்டதால் வந்த கோபம் அது, அந்த ஊரைச் சுற்றி மரம் நட்டால் தணியும். எஞ்சின், பெட்டிகளுக்கான கூடுதல் தொகுப்புகளான நியூஜிஆர்எஃப்களை ஆட்டம் தொடங்கும் முன்பே சேர்த்துவிடுங்கள், நடுவில் மாற்றினால் சேமித்த ஆட்டம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பழுதாகி நிற்பதை ஆரம்பத்தில் குறைத்து வையுங்கள், ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி நின்றால் எல்லாம் நிற்கும். பயணிகள் தாங்கள் போக வேண்டிய ஊரைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் கார்கோடிஸ்ட் வசதி 2014-இலிருந்து இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் சிக்னல் கைவந்த பிறகு அதைத் தொடுங்கள். எங்கோ ஒரு சின்ன ஊரை வலைப்பின்னலில் சேர்த்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே சந்திப்பு ஸ்டேஷனில் வந்து குவியும். நீராவிக் காலம் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கும் 14.0-இல் வழி இருக்கிறது, காலண்டரை மட்டும் மெதுவாக்கிவிட்டு வண்டிகளை வழக்கமான வேகத்தில் ஓடவிடலாம். அதைப் புது ஆட்டம் தொடங்கும்போதே தேர்ந்துகொள்ளுங்கள்.

நான் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. அந்த ஆட்டத்தில் காலம் அதன் போக்கில் போனது, மாமாவும் முழங்கால் சரியாகி ஜூலையில் பெரம்பூருக்குக் கிளம்பினார். கிராஃப் தாளை மடித்து என் மானிட்டர் பக்கத்தில் செருகி வைத்துவிட்டுப் போனார், பின்பக்கம் கொஞ்சம் இடம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். அத்தையிடம் நான் பேசி முடித்ததும் போனை வாங்கி முதலில் கேட்பது அந்த ஆட்டத்தைப் பற்றித்தான். போன வாரம் சொன்னேன், மாமா, மூன்றாவது லூப் போட்டதும் சேமித்து வைத்த ஆட்டத்தை மறுபடி திறந்து ஓட்டுகிறேன், புது எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது, ஒரு வருஷம் நீங்கள் மட்டும் ஓட்டிப் பாருங்கள் என்று தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஜூபிலி என்று பேர், 1000 குதிரைத்திறன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

“அப்ப மலைத் துண்டு 41 வராதே” என்றார். “லூப்பை எடுத்துடாதே. ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் போட்டு நேரம் எடு. லோடோட ஏறும்போது எடு, காலியா எறங்கும்போதும் தனியா எடு. எடுத்துட்டு இப்பவே சொல்லு, பேப்பர் வச்சிருக்கேன்.”

ஸ்டாப்வாட்சைத் திறந்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.